இரவல் அழுக்கு

எங்கள் வீட்டு மாடிப்படியில் விழுந்த ரொட்டித்துண்டை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். நான் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, புகாராகத்தான் சொல்கிறேன். நடு மாடியில் இர்மா ஷ்வெங்க் குடியிருக்கிறாள், வேறென்ன காரணம் வேண்டும்?

தென் ஜெர்மனியில் எஸ்லிங்கன் ஊரில், நெக்கார் ஆற்றுக்கு மேலே சரிவில் நிற்கிற வீடு எங்களுடையது. கீழே நான். நடுவில் இர்மாவும் அவள் புருஷன் ஏவால்டும். மேலே ருப் என்கிற ஒண்டிக்கட்டை. படியைப் பெருக்கித் துடைக்க வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை. முறை வருகிற வீட்டுக் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். அது என் கதவில் தொங்குகிற வாரமெல்லாம் எனக்குப் பரீட்சைதான். சனிக்கிழமை துடைத்து முடித்து இடுப்பை நிமிர்த்தினால் மேல்படியில் இர்மா நிற்பாள்.

"மூலையை விட்டுட்டே, மார்க்ரெட்."

"மூலையில யாருடி நடக்கப்போறா?"

"தூசி நடக்கும்."

இவளோடு எப்படிப் பேசி ஜெயிப்பது? ருப் ஜெயிக்கப் பார்த்தான். படியின் நடுவில் மட்டும் துடைப்பத்தைக் காட்டிவிட்டுப் போவான். அவன் ஓரத்தைத் துடைக்கிறானா என்று பார்க்க, இர்மா ஒரு வெள்ளிக்கிழமை கால்மிதியின் ஓரத்தில் ஒரு தீக்குச்சியை வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலமும் அது அங்கேயே கிடந்தது. வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் படியில் எதிரெதிரே வந்தால் காலை வணக்கம்கூடச் சொல்வதில்லை. எங்கள் ஊரில் ஒருவனுக்குக் கடன் தராமல் இருக்கலாம், வணக்கம் சொல்லாமல் இருப்பது பெரிய விஷயம்.

இர்மா பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்ந்தவள். ஓய்வு பெறுகிற வரைக்கும் மற்றவர்களின் ரத்தத்தையும் சீழையும் கொதிக்கவைத்து வெள்ளையாக்கினாள். அழுக்கு என்றால் அவளுக்கு அருவருப்பு இல்லை, பயம். அழுக்கு இருக்கிற இடத்தில் சாவு இருக்கிறது என்பது அவள் கணக்கு. கெட்டவள் என்று சொல்லமாட்டேன். எனக்கு நிமோனியா வந்தபோது பதினைந்து நாள் சூப் வைத்துக் கொண்டுவந்தவள் அவள்தான். கொண்டுவந்த கையோடு என் சமையலறை ஜன்னலையும் துடைத்துவிட்டுப் போனாள்.

பாவம் ஏவால்ட்தான். பல்சக்கரம் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவன், அதிர்ந்து பேசமாட்டான். அவனுடைய பொருள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போனது. பூஞ்சை பிடித்த உறை என்று இசைத்தட்டுகள் போயின. எண்ணெய் நாற்றம் என்று பட்டறைச் சட்டை போனது. அவன் அப்பா தூண்டில் போடும்போது வைத்துக்கொண்ட தொப்பி போன அன்றைக்கு மட்டும் என் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள் போய் அவன் கேட்பது ஒரே கேள்விதான்: "அதுவும் போச்சா?" சண்டை போட்டிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவன் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவான்.

போகாமல் மிஞ்சியது மீன்தொட்டி ஒன்றுதான். கூடத்துச் சுவர் நீளத்துக்கு இருக்கும். உள்ளே ஐந்து டிஸ்கஸ் மீன்கள், காப்பித் தட்டு அளவுக்கு வட்டமாக, அவசரமே இல்லாமல் திரும்பிக்கொண்டிருக்கும். அதில் சிவப்பு மீனை அவன் நகத்தளவுக் குஞ்சாக வாங்கிக் கையில் ஊட்டி வளர்த்தான். சாயங்காலமானால் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்காருவான். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இர்மாவுடையது, உள்பக்கம் அவனுடையது என்று இரண்டு பேருக்கும் நடுவில் சொல்லாத ஒப்பந்தம்.

போன கோடையில் ஏவால்டின் நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு காட்டுக்குள் இருக்கிற ஒரு உடல்தேற்று விடுதியில் சில வாரம். பெட்டியோடு கிளம்பினவன் படியில் நின்று, என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, அவளிடம் சொன்னான்:

"இர்மா, காலையில ஒரு சிட்டிகை தீனி, சாயங்காலம் ஒரு சிட்டிகை. விளக்கைப் போடு, அணை. வேற எதையும் தொடாதே. கழுவாதே."

"நான் என்ன குழந்தையா?"

"நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேக்கறேன்."

தலையை ஆட்டினாள். மனதாரத்தான் ஆட்டினாள், நான் பார்த்தேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அவன் விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, தினமும் சாயங்காலம் போன் பண்ண ஆரம்பித்தான். இர்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் அவள் கை என்ன செய்யும்? கழுவும். திரையைக் கழுவினாள், சரவிளக்கைக் கழற்றிக் கழுவினாள், அலமாரிகளுக்குப் பின்னால் கழுவினாள். கடைசியில் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். அங்கே பானை மாதிரி வடிகட்டி இரண்டு குழாயோடு உட்கார்ந்திருந்தது. மூடியைத் தூக்கினாள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பார்த்தியா மார்க்ரெட்? உள்ளே பஞ்சு பஞ்சா இருந்துச்சு, சேறு மாதிரி. இந்தச் சேத்து வழியா வர்ற தண்ணியிலதான் அந்த மீனுங்க மூச்சு விட்டுக்கிட்டிருந்திருக்கு. ஆம்பளைங்களுக்கு எங்கே தெரியுது?"

"தொடாதேன்னானே."

"மீனைத் தொட்டேனா? தண்ணியைத் தொட்டேனா? சோப்புகூடப் போடலை. பஞ்சை மெஷின்ல அறுபது டிகிரியில போட்டேன். பீங்கான் வளையத்தை வினிகர்ல கொதிக்கவெச்சேன். வந்து பார்த்தா அசந்துடுவான்."

பஞ்சு புதுசு மாதிரி நீலமாக இருந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

இரண்டு மூன்று நாள் கழித்து மாடியில் தடதடவென்று காலடி. இர்மா என் கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

போய்ப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர், கழுநீர் மாதிரி மங்கியிருந்தது. ஐந்து மீனும் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. நிறமெல்லாம் கறுத்துவிட்டது. சிவப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இர்மா என்னைப் பார்த்தாள்.

"ஏவால்டா? ம்... சாப்பிட்டேன். நீ?... மீனா? மீனுக்கென்ன. நல்லா இருக்கு." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சிவப்பா? அது எப்பவும் போல ராணி மாதிரி சுத்துது."

போனை வைத்தவள் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவனுக்கு அதிர்ச்சி ஆகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், மார்க்ரெட். இதைச் சொன்னா அவன் நெஞ்சு என்ன ஆகும்? சொல்லலேன்னா, வந்து பார்த்து என்ன ஆகும்?"

அவளை அப்படி நான் பார்த்ததில்லை. ஜாடியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வளர்ப்பு மீன் கடைக்குப் போனோம். கடைக்காரி ஒரு கண்ணாடிக் குழலில் அந்தத் தண்ணீரை ஊற்றிச் சொட்டு மருந்து விட்டாள். வெளுப்பாக இருந்தால் நல்லது. எங்கள் கண்ணெதிரே அது பீட்ரூட் சாறாகச் சிவந்தது.

"வடிகட்டியைக் கழுவினீங்களா?"

இர்மா ஜாடி மூடியைத் திருகினாள். நான்தான் சொன்னேன்: "அறுபது டிகிரி."

கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மா, அந்தச் சேறுதான் வடிகட்டி. பஞ்சு வெறும் வீடு. மீன் போடற கழிவு விஷம். அதைத் தின்னு தீக்கற கிருமிங்க அந்தச் சேத்துலதான் குடியிருக்கும். நீங்க எல்லாரையும் வேகவெச்சுட்டீங்க."

"புதுசா வாங்கிக்கிறேன். குடுங்க."

"பாட்டில்ல இருக்கு, ஆனா அது பிடிச்சு வேலை செய்ய நாளாகும். உங்க மீன் அவ்வளவு நாள் தாங்காது. தீனியை நிறுத்துங்க. தினமும் பாதித் தண்ணியை மாத்துங்க, வெதுவெதுப்பு சரியா இருக்கணும். முக்கியமா, ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கற ஒரு வடிகட்டியோட அழுக்கு வேணும். உயிரோட, ஈரமா. என் தொட்டியில இப்ப நோய்க்கு மருந்து ஓடுது, நான் தரக்கூடாது. யார் வீட்டுலயாவது கேளுங்க. எவ்வளவு நாறுதோ அவ்வளவு நல்லது. வேற தொட்டி அழுக்குல நோயும் சேர்ந்து வரலாம், அதையும் சொல்லிடறேன். ஆனா வேற வழியில்ல."

ஊர் மீன் வளர்ப்போர் சங்கத்துக்குப் போன் பண்ணினோம். கோடை விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. இர்மா வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள், வெந்நீர் பச்சைத்தண்ணீர் கலந்து, குழந்தைக்குப் பார்க்கிற மாதிரி முழங்கையால் சூடு பார்த்து ஊற்றினாள். அப்படியும் மறுநாள் மதியம் சிவப்பு செத்துப்போனது. இன்னொன்று மணலில் படுத்துக்கொண்டது.

"மேல இருக்கானே," என்றேன்.

அவளுக்குத் தெரியும். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். ருப் வீட்டு ஜன்னலில் பாசி பிடித்துப் பச்சையாக ஒரு மீன்தொட்டி தெரியும், தெருவில் நின்று பார்த்தாலே. அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தவள் அவள்தானே?

"அவன் வாசல்ல போய் நிக்கறதுக்குப் பதிலா..." என்று ஆரம்பித்தவள் மணலில் கிடந்த மீனைப் பார்த்தாள். ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் படியேறினாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று நானும் பின்னால் போனேன். அவள் மனசை மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம்.

ருப் காலுறையோடு கதவைத் திறந்தான். உள்ளே வானொலியில் கால்பந்து வர்ணனை.

"யாரு, ஷ்வெங்க் அம்மாவா! என்ன, மூலையில தீக்குச்சி எதுவும் கெடந்துச்சா?"

"ருப் சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அழுக்கு."

"என்னது?"

"உங்க தொட்டி வடிகட்டியில இருக்கற அழுக்கு. கொஞ்சம் வேணும்."

ருப் என்னைப் பார்த்தான். "இவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"குடுய்யா, காரணம் இருக்கு," என்றேன்.

"இருங்க, இருங்க. இதை அனுபவிக்க வேண்டாமா நான்?" கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். "என் அழுக்கைப் பத்திக் கடுதாசி எழுதினீங்க. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, துடைப்பம் பிடிக்கத் தெரியுமான்னு பள்ளிக்கூடப் பையனைக் கேக்கற மாதிரி கேட்டாரு. இப்ப அதே அழுக்கு வேணுமாக்கும். எவ்வளவு வேணும்? ஒரு ஸ்பூனா, ஒரு வாளியா?"

இர்மாவின் கழுத்து சிவந்தது. போச்சு, திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

"கேலி பண்ணுங்க," என்றாள். "பண்ணி முடிச்சுட்டுக் குடுங்க. ஏவால்டோட மீன் செத்துக்கிட்டிருக்கு. நான்தான் வடிகட்டியைக் கழுவிக் கொன்னேன். அவன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் நான் செய்யலை. அவன் வர்றப்ப அந்தத் தொட்டி காலியா இருந்தா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவன்கூட இருக்கறது?"

ருப்பின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏவால்ட் மீனா? அட, அதை முதல்லயே சொல்றதுக்கென்ன! என் தொட்டியில இருக்கற செடி எல்லாம் அவர் குடுத்தது. உங்களுக்குத் தெரியாம பேப்பர்ல சுத்திக் கொண்டுவந்து குடுப்பாரு." உள்ளே ஓடினான். "ஒரு வருஷமா இதைத் திறக்கவே இல்ல. இப்ப பாருங்க சோம்பேறித்தனத்தோட அருமையை!"

சொட்டச் சொட்ட ஒரு பஞ்சை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். பாத்திரம் எடுக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. படி நெடுகப் பழுப்புச் சொட்டு. அந்த வாரம் பலகை இர்மாவின் கதவில் தொங்கியது, காலையில்தான் மெழுகு போட்டுத் தேய்த்திருந்தாள். ஒவ்வொரு சொட்டும் விழுகிறதை அவள் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் வாங்க ருப் சார்," என்று மட்டும் சொன்னாள்.

பஞ்சில் பாதியை ருப் ஏவால்டின் தொட்டியிலேயே பிழிந்தான். தண்ணீர் குட்டை மாதிரி ஆனது. இர்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மீதிப் பஞ்சை வடிகட்டிக்குள் வைத்து மூடினான். மேலே போய் ஒரு காற்றுக்குழாய் எடுத்துவந்து தொட்டியில் போட்டான், அது குபுகுபுவென்று கொதித்தது.

போன் அடித்தது.

"அது என்ன சத்தம், இர்மா?" ஏவால்டின் குரல் எனக்கும் கேட்டது. "ரிசீவரைத் தொட்டிக்கிட்ட பிடி. தண்ணி ஓடற சத்தம் கேட்டு நாளாச்சு."

காற்றுக்குழாயை ருப் பிடுங்கினான். அவள் ரிசீவரை நீட்டினாள். கீழே படுத்திருந்த மீனின் செவுள் அசைகிறதா இல்லையா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹா, கேக்குது. முன்னாடி ஏதோ பெரிய சத்தம் வந்துச்சே?"

"தூசி உறிஞ்சற மெஷின்."

"அதானே பார்த்தேன்," என்று சிரித்தான் ஏவால்ட். அந்தச் சிரிப்பு அவளைக் குத்திவிட்டது. போனை வைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்து விசும்பி அழுதாள். ருப் என்ன செய்வதென்று தெரியாமல் காற்றுக்குழாயை மறுபடி மாட்டினான்.

அதற்கப்புறம் காத்திருப்பதுதான். காலையில் கடையில் வாங்கி வந்த சொட்டு மருந்தை விட்டுப் பார்ப்போம், குழல் சிவந்துவிடும். தண்ணீர் மாற்றுவோம். மறுநாளும் சிவப்பு. ருப்பின் அழுக்கு வேலை செய்கிறதா, அல்லது ஏதாவது நோயைக் கொண்டுவந்து சேர்த்ததா என்று சொல்ல ஆளில்லை. நீல மீன் ஒன்றின் உடம்பில் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. இர்மா சாப்பாட்டை விட்டாள். ருப் வேலை முடிந்து வந்ததும் நேராக நடு மாடிக்குத்தான் வருவான். காலுறையோடு, கேட்காமலேயே. அவளும் ஒன்றும் சொல்லமாட்டாள். பிறகு ஒரு காலையில் குழலில் இருந்தது ரோஜா நிறம். அடுத்த நாள் அதைவிட வெளுப்பு. மணலில் படுத்திருந்தது எழுந்து மற்றவற்றோடு சேர்ந்தது. நீலத்தின் வெள்ளைப் படலமும் உரிந்து போயிற்று. முழுசாக வெளுத்த அன்றைக்கு ருப் அந்தக் குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அம்மா, என் அழுக்கு பாஸ்!" என்று கத்தினான். இர்மா அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏவால்ட் வந்தான். இர்மாவின் தங்கை புருஷன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். ஏவால்ட் இளைத்திருந்தான். தையல் இழுக்காமல் இருக்க ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினான். நான் பின்னல் ரொட்டி சுட்டு எடுத்துப் போயிருந்தேன். காப்பி குடித்த பிறகு சொல்லிவிடுவதாக இர்மா தீர்மானம் பண்ணியிருந்தாள். அவனோ கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சிவப்பு எங்கே?"

இர்மா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். "செத்துப்போச்சு. நான்தான் காரணம். வடிகட்டியைக் கழுவிட்டேன், ஏவால்ட். அறுபது டிகிரியில. போன்ல உன்கிட்டச் சொன்னதெல்லாம் பொய்."

அவன் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்குச் சொல்ல வரவில்லை. கோபம் இல்லை. இத்தனை வருஷமாகப் பார்த்துப் பழகின அதே களைப்புத்தான். "அலமாரியைத் திற," என்றான். திறந்தாள். "மூடியை எடு." எடுத்தாள்.

உள்ளே பழுப்பாக, கொழகொழவென்று இருந்ததைக் குனிந்து பார்த்தான். புரியாமல் அவளைப் பார்த்தான்.

"இது கழுவினது இல்லையே?"

"அது நம்ம அழுக்கு இல்ல. ருப் வீட்டு அழுக்கு."

"ருப்பா? யார் போய்க் கேட்டா?"

"நான்."

"நீ? நீ போய் ருப்கிட்ட அழுக்கு கேட்டியா?"

"கேட்டேன். படியெல்லாம் சொட்டிக்கிட்டுதான் கொண்டுவந்தான்."

ஏவால்ட் சிரிக்க ஆரம்பித்தான். தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சில் அழுத்திக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தான். "சிரிக்காதேடா, தையல் விட்டுடும்!" என்று அவள் கத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தொட்டியைப் பார்த்தான், சிரிப்பு மெல்ல அடங்கியது.

"சிவப்பை எங்கே போட்டே? குப்பையிலயா?"

இர்மா சமையலறைக்குப் போனாள். உறைபெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பீன்ஸுக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் வைத்திருந்த ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். செத்த மீன், சாப்பாட்டுப் பொருள் இருக்கிற உறைபெட்டியில், இர்மா வீட்டில்! இத்தனை நாளும் என்னிடம்கூட அவள் சொல்லவில்லை.

"எறியலை," என்றாள். "உன்னைக் கேக்காம உன் பொருள் எதையும் எறியக் கூடாதுன்னு..."

ஏவால்ட் டப்பாவைத் திறந்தான். ஒரு விரலால் அந்த மீனைத் தொட்டான். மற்றக் கையால் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். கண்ணீர் அவன் கோட்டின் மேல் விழுந்தது, அவன் துடைக்கவில்லை. அவளும் துடைக்கவில்லை.

நான் கீழே வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில் மண்வெட்டி பிடித்தால் எங்கள் தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் பேசுவார்கள். பேசட்டும். ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் ஆழமாகவே ஒரு குழி தோண்டினேன்.